சிரப்பை நிறுத்திவிட்டு எலுமிச்சைக்கு மாறலாமா?

(வாசகர் கேள்விக்குச் சிறுநீரக மருத்துவர் பதில்)

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்டட மேஸ்திரி. பகல் முழுக்க வெயிலில் நிற்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால், விலாவில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்கிய வலியோடு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் கல் தானாக வெளியேறிவிட்டது. இந்தச் சித்திரையில் மறுபடியும் வலி. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 8 மில்லிமீட்டர் கல். அடைப்பு இல்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.9, அதாவது இயல்பு. மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் சிரப் எழுதித் தந்து, "மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுப்போம், தேவைப்பட்டால் லேசர்" என்றிருக்கிறார்.

அவருடைய மைத்துனருக்கு எலுமிச்சைத் தோப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து செல்போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது: எலுமிச்சைச் சாறு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம். அன்றைக்கே சிரப்பை நிறுத்திவிட்டார். ஐந்து வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் மூன்று பழம், மத்தியானம் உப்புப் போட்டு இரண்டு டம்ளர் ஜூஸ். கால்சியம் கூடாது என்று பால், தயிரை விட்டாயிற்று. தக்காளியும் போயிற்று. "எலுமிச்சையில் இருப்பதுதானே" என்று 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை வேறு தினம் ஒன்று. இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் என்பதால், "புளிப்புப் பழம் அதோடு சேராது என்கிறார்களே" என்றும் ஒரு பயம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்கப் போனால், "அதெல்லாம் தரமாட்டோம்" என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் கேட்கிறார்: "சிரப் இனி தேவையில்லைதானே? கல் கரைய இன்னும் எத்தனை நாள் ஆகும்?"

அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சிரப்பை நீங்களாக நிறுத்தியது சரியில்லை. எழுதித் தந்த மருத்துவரிடம் இந்த வாரமே போய், ஐந்து வாரமாகக் குடிக்கவில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று தயங்க வேண்டாம். மாதம் முழுக்கக் குடித்ததாக நினைத்துக்கொண்டு அவர் அடுத்த முடிவை எடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

உங்களுக்கு வந்த செய்தி முழுப் பொய்யும் இல்லை. எலுமிச்சையையும் சிறுநீரகக் கல்லையும் வைத்து நிஜமாகவே ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அவை சொல்வது ஒன்று, செல்போன் சொல்வது இன்னொன்று. அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஆராய்ச்சி சொல்வது என்ன

பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பால் ஆனவை. சிறுநீரில் இருக்கும் கால்சியத்தைச் சிட்ரேட் என்ற பொருள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட கால்சியம் ஆக்சலேட்டோடு சேர முடியாது. சிறுநீரில் சிட்ரேட் குறைவாக இருக்கிறவர்களுக்குக் கல் அடிக்கடி வருவது இதனால்தான். எலுமிச்சையின் புளிப்பே சிட்ரிக் அமிலம் என்பதால், அதைக் குடித்தால் சிறுநீரில் சிட்ரேட் கூடுமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

1996இல் அமெரிக்காவில் சிட்ரேட் குறைவாக இருந்த 12 நோயாளிகளுக்குத் தினமும் சுமார் 120 மில்லி எலுமிச்சைச் சாற்றை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். சிறுநீரில் ஒரு நாளைக்கு 142 மில்லிகிராமாக இருந்த சிட்ரேட் சராசரி 346 ஆனது. இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் செல்போன் செய்திக்கு மூலம் அநேகமாக இந்த மாதிரி ஒரு முடிவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அளந்தது சிட்ரேட்டை. யாருடைய கல்லும் கரைந்ததாக அதில் இல்லை.

2006இல் டாலஸ் நகரத்தில் 13 பேரை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. ஒரே அளவு சிட்ரேட் வருகிற மாதிரி ஒரு வாரம் ஆரஞ்சுச் சாறு, ஒரு வாரம் எலுமிச்சைச் சாறு, ஒரு வாரம் வெறும் தண்ணீர். சாப்பாடும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. ஆரஞ்சு குடித்த வாரத்தில் சிட்ரேட் கூடியது, சிறுநீரின் அமிலத்தன்மையும் குறைந்தது. எலுமிச்சை குடித்த வாரமோ தண்ணீர் குடித்த வாரம் மாதிரியே இருந்தது! காரணம் இதுதான்: ஆரஞ்சில் சிட்ரேட் பெரும்பாலும் பொட்டாசியத்தோடு சேர்ந்து வருகிறது. எலுமிச்சையில் அது அமிலமாகவே வருகிறது. உள்ளே போன சிட்ரேட்டில் பெரும்பகுதியை உடம்பு எரித்துக் காரமாக (அமிலத்தை முறிக்கும் பொருளாக) மாற்றிவிடும். அந்தக் காரத்தால்தான் சிறுநீரகம் தன்னுடைய சிட்ரேட்டை வெளியே விடுகிறது. எலுமிச்சையில் கூடவே வந்த அமிலம் அந்தக் காரத்தைச் சமன் செய்துவிடுவதால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இப்போது உங்கள் சிரப் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். பொட்டாசியம் சிட்ரேட். சிட்ரேட் தேவையான துணையோடு, அளவு தெரிந்து வருகிறது. எலுமிச்சை அதற்குச் சமம் ஆகாது என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, சிட்ரேட் கணக்கெல்லாம் இருக்கட்டும், கல் திரும்ப வருவது குறைந்ததா? அதையும் இத்தாலியில் பெர்கமோவிலுள்ள மாரியோ நேக்ரி ஆராய்ச்சி நிலையம் பார்த்தது. அடிக்கடி கல் வந்த 203 பேர். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் இரண்டு வேளை 60 மில்லி புதிதாகப் பிழிந்த சாறு. கற்களுக்கான உணவுமுறை இரண்டு பாதிக்கும் பொது. இரண்டு ஆண்டுக்குத் திட்டமிட்ட ஆராய்ச்சி. எலுமிச்சை குடித்த 100 பேரில் 21 பேருக்கும், குடிக்காத 103 பேரில் 32 பேருக்கும் மறுபடி கல் வந்தது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் பலன் உறுதி என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. வயிற்றுத் தொல்லை எலுமிச்சைக் குழுவில் அதிகம். நாளாக ஆகப் பாதிப் பேர் குடிப்பதையும் விட்டுவிட்டார்கள். 60 மில்லி சாற்றைத் தினமும் இரண்டு வேளை குடித்துப் பாருங்கள், அவர்கள் மேல் தப்புச் சொல்லத் தோன்றாது. நம்மூர்ச் சின்னப் பழத்தில் ஒரு நாளைக்கு ஆறேழு பழம் பிழிய வேண்டியிருக்கும்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால் எலுமிச்சையால் அது எத்தனை நாளானாலும் கரையாது. சிரப்பாலும் கரையாது. இரண்டும், ஓரளவுக்கு, புதிய கல் உருவாவதையும் இருக்கிற கல் வளர்வதையும் தடுப்பதற்குத்தான். மருந்தால் நிஜமாகக் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். அதற்குச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, குறைத்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் சிரப் செய்யும். எலுமிச்சையை நம்பி அதில் இறங்க முடியாது.

உங்களுடையது எந்தக் கல் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியேறிய கல்லைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த தடவை டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, சிறுநீரை அதில் விட்டுக் கல்லைப் பிடித்து, சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். என்ன கல் என்று தெரிந்துவிட்டால் பாதி யோசனை குறையும்.

'அவர்கள் எலுமிச்சை வேறு, நம் எலுமிச்சை வேறு' என்கிறார் மைத்துனர்

அவர் சொன்னது சரிதான். ஆராய்ச்சிகளில் வருவது பெரிய, தோல் தடித்த மஞ்சள் எலுமிச்சை. சாறு பிழிய, ஊறுகாய் போட, லாரி டயருக்கடியில் வைக்க நாம் எடுக்கும் உருண்டைப் பழம் அதற்குத் தாயாதி முறை. 2018இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்றது. அஸ்ஸாம், வட மியான்மர், மேற்கு யுன்னான் எல்லாம் அதில் அடக்கம். மஞ்சள் எலுமிச்சை, புளிப்பு ஆரஞ்சும் கடார நாரத்தை இனமும் கலந்து பிறந்தது. நம்முடைய பழத்துக்கும் கடார நாரத்தை இனம் ஒரு பக்கத்துப் பெற்றோர், இன்னொரு பக்கம் வேறு ஒரு காட்டு இனம்.

கல் விஷயத்தில் இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது. சாற்றை அளந்து பார்த்திருக்கிறார்கள்: மஞ்சள் பழச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 48 கிராம் சிட்ரிக் அமிலம், நம் வகைப் பச்சைப் பழச் சாற்றில் சுமார் 46. ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் வேறொரு விஷயத்தில் இதே குழப்பம் உயிர்களை வாங்கியிருக்கிறது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு அழுகி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சீக்கிரமே எழுந்தார்கள். 1795இலிருந்து பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதை மாற்றி, மேற்கிந்தியத் தீவுகளின் பச்சைப் பழச் சாற்றுக்குப் போனார்கள். புளிப்புத்தான் மருந்து, இது இன்னும் புளிப்பு, அப்படியென்றால் இன்னும் நல்லது என்று கணக்கு. அதில் வைட்டமின் சி குறைவு. பாட்டிலில் அடைத்து வைத்து அதையும் இழந்தார்கள். 1875இல் வடதுருவத்துக்குப் புறப்பட்ட குழுவில் ஸ்கர்வி மறுபடி வந்தது. புளிப்பு ஒன்று, மருந்துச் சரக்கு இன்னொன்று. அப்போது அது அவர்களுக்குத் தெரியவில்லை. வைட்டமின் சி என்ற பொருளைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டது 1928க்குப் பிறகுதான்.

மாத்திரை, பால், தக்காளி, உப்பு

வைட்டமின் சி மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். இதில் இரண்டாவது யோசனை வேண்டாம். அளவுக்கு மீறிய வைட்டமின் சியில் ஒரு பகுதியை உடம்பு ஆக்சலேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளும். சுவீடனில் 23,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கல்லுக்கு மருந்து என்று நினைத்துக் கல்லுக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள். பழத்தில் இருக்கும் அளவு வேறு, அதற்குப் பயமில்லை.

பால், தயிரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லில் கால்சியம் இருக்கிறது, அதனால் கால்சியம் சாப்பிடக்கூடாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னோம். 2002இல் இத்தாலியில் பார்மாவைச் சேர்ந்தவர்கள் 120 ஆண்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல். வழக்கமான கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கு மட்டும். சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. அதனால் மத்தியானச் சாப்பாட்டில் தயிர் உங்களுக்கு நண்பன்.

தக்காளியில் ஆக்சலேட் குறைவு. விதை கல்லாகிவிடும் என்பது வெறும் பேச்சு, தாராளமாக ரசம் வையுங்கள். பாலக் கீரையையும் கட்டன் டீயையும் குறைத்தால் போதும்.

உப்புப் போட்ட ஜூஸுக்கு வருவோம். உங்கள் ஐந்து வாரத்தில் சிரப்பை நிறுத்தியதற்கு அடுத்த தவறு இதுதான். வெயிலில் வேலை செய்கிறவருக்கு அது ருசிதான், தெரியும். ஆனால் சோடியம் கூடக் கூடச் சிறுநீரில் கால்சியமும் கூடும். எலுமிச்சை பிடித்து வைக்கப் பார்க்கிற கால்சியத்தை உப்பு கொண்டுவந்து கொட்டுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்கும் இதே கதை. வியர்த்து ஊற்றுகிற நாளில்கூட உங்கள் மூன்று வேளைச் சாப்பாட்டில் இருக்கும் உப்பு பெரும்பாலும் போதும்.

நிஜமாக வேலை செய்வது

தண்ணீர். ஏமாற்றமாக இருக்கிறதா? பார்மாக்காரர்களே 1996இல் வெளியிட்ட இன்னொரு ஐந்து வருட ஆய்வில், முதல் தடவை கல் வந்த 199 பேரில் ஒரு பாதியினரைச் சிறுநீர் ஒரு நாளைக்கு 2 லிட்டராவது வருகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அவர்களில் 12 சதவீதம் பேருக்குக் கல் திரும்பியது. மற்றவர்களில் 27 சதவீதம். எந்தப் பழச்சாற்று ஆய்வும் இந்த அளவுக்கு வரவில்லை. பெரும்பாலான எலுமிச்சை வைத்தியத்திலும், என் கணிப்பில், பாதி வேலையைச் செய்வது அதைப் பிழிகிற தண்ணீர்தான்.

எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும் என்று உங்களுக்குக் கணக்குச் சொன்னால் தப்பாகிவிடும். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டரை மூன்று லிட்டர் போதும். மே மாதம் கான்கிரீட் போடும் நாளில் உங்களுக்கு அதற்கும் மேல் வேண்டியிருக்கும். எனவே சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்துக்கு மேல் அடர்த்தியானால் தண்ணீர் போதவில்லை. இரவு படுக்கும் முன்னால் ஒரு டம்ளர் குடியுங்கள், அதனால் ஒரு தடவை எழுந்திருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. சைட்டில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் மேஸ்திரி, வேலை ஆரம்பிக்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் தற்காலிகக் கழிப்பறை கேட்கிற இடத்தில் இருக்கிறீர்கள். கேளுங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் சித்தாள்களுக்கும் அது வேண்டும்.

எலுமிச்சையை விடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பழம், நிறையத் தண்ணீரில், உப்பில்லாமல், சர்க்கரை அதிகமில்லாமல். சாப்பாட்டோடு குடியுங்கள், வெறும் வயிற்றில் குடிப்பதற்குத் தனிப் பலன் ஒன்றும் இல்லை. பல் கூச்சம் எலுமிச்சையின் அமிலத்தால்தான். பல்லின் மேல்பூச்சு பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள். கூச்சம் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரைப் பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் பெய்லி என்பவர் ஒரு ரத்த அழுத்த மாத்திரை மதுவோடு சேருமா என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாமலிருக்க, ஆரஞ்சுக் குடும்பத்துப் பழமான கிரேப்ஃப்ரூட்டின் சாற்றில் கலந்தார். ரத்தத்தில் மாத்திரை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. குற்றவாளி மதுவல்ல, பழம். 1989இல் இது வெளியானது. மருந்தைக் குடலில் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது. அட்டோர்வாஸ்டாட்டினும் அந்த நொதியை நம்பியிருக்கிற மருந்துதான். நம்மூரில் கவனிக்க வேண்டியது பம்பளிமாஸ், அது கிரேப்ஃப்ரூட்டுக்கு நேரடி உறவு. அதைத் தவிருங்கள். தினம் இரண்டு எலுமிச்சைக்குப் பயப்பட வேண்டாம்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

அடைப்பும் காய்ச்சலும் இல்லாத, கீழ்ப்பகுதியில் இருக்கும் 8 மில்லிமீட்டர் கல்லைச் சிரப்போடும் தண்ணீரோடும் பொறுத்துப் பார்ப்பது நியாயமான வழிதான். உங்கள் மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வளர்ந்தாலோ வலி திரும்பினாலோ லேசரோ, வெளியிலிருந்து அதிர்வலையோ. கீழ்ப்பகுதிக் கல்லின் துண்டுகள் அதிர்வலைக்குப் பிறகு வெளியேறுவது கொஞ்சம் சிரமம் என்பதால் லேசரை அவர் சொல்லியிருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிரப்பைத் தொடரும்போது இடையில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் விஷயத்தில் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. வாயால் கேட்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேனும் புதியதும் பக்கத்தில் இருந்தால்தான் கல் வளர்கிறதா என்று தெரியும்.

குளிரோடு காய்ச்சல், சிறுநீர் சுத்தமாக வராமல் போவது, மாத்திரை தங்காத அளவுக்கு வாந்தி. இந்த மூன்றில் எது வந்தாலும் எலுமிச்சை, வாழைத்தண்டு, பீர் என்று எவர் சொன்னாலும் கேட்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும்.

பின்குறிப்பில் உங்கள் மனைவி, எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு தோப்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தோலில் பட்ட சாறும் தோல் எண்ணெயும் வெயிலோடு சேர்ந்தால் கொப்புளம் வந்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் திட்டாக நிற்கும். பழம் பிழிந்த கையையும் வெயிலில் இறங்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவது நல்லது.